பூசாத படைக்கு 10 மதிப்பெண் குறைவது சரிதான்

வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டில் ஓர் ஆட்டத்தின் உச்ச மதிப்பெண் 100. அதில் 90-ஐக் களத்தில் போராடித்தான் பெற முடியும். மேசையில் குறித்துவைத்த இடங்களைப் பிடிக்க வேண்டும், பிடித்ததை விடாமல் காக்க வேண்டும், ஏற்றுக்கொண்ட இலக்குகளை முடிக்க வேண்டும். மீதி 10 மதிப்பெண் முதல் பகடை உருளும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. படையிலுள்ள ஒவ்வொரு பொம்மை வீரனுக்கும் முக்கியமான பகுதிகளில் வண்ணம் பூசி, அவன் நிற்கும் பீடத்தையும் மணலோ புல்லோ ஒட்டி முடித்திருந்தால் அந்தப் 10 உங்களுக்கு உண்டு. கடையில் வாங்கிய சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே கொண்டுவந்து நிறுத்தினால் இல்லை. 2020-இல் வெளியான ஒன்பதாம் பதிப்பில் இடம்பெற்ற இந்த விதி 2023-இல் வந்த பத்தாம் பதிப்பிலும் நீடித்தது. அன்று தொடங்கிய சச்சரவு இன்னும் அடங்கவில்லை. தந்திரத்தை அளக்க வேண்டிய போட்டியில் தூரிகைக்கு எதற்கு மதிப்பெண் என்று கேட்கிறது ஒரு தரப்பு. கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்தான் தோன்றும். ஆனாலும் அந்தப் 10 மதிப்பெண் இருக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இந்த விளையாட்டில் செய்வதும் ஆடுவதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். ஒன்றை விலக்கிவிட்டு மற்றதை மட்டும் எண்ணினால் ஆட்டத்தில் பாதியை எண்ணாமல் விட்டவர்களாவோம்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். ஐந்தடி நீளமும் நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள மேசை. அதன்மேல் இடிந்த கட்டடங்கள், பாறைகள், மரங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு படையை நகர்த்துகிறார்கள். கட்டங்கள் கிடையாது, அங்குல டேப்பை வைத்து அளந்துதான் ஒவ்வொரு நகர்வும். குண்டு பட்டதா, கவசம் தாங்கியதா என்பதைப் பகடை சொல்லும். மனித உருவம் ஒன்று ஏறத்தாழ 28 முதல் 32 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். இதன் பெரிய நிறுவனம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் ஒர்க்ஷாப். 1975-இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கியது. 1983-இல் வார்ஹாமரையும் 1987-இல் அதன் விண்வெளி வடிவமான வார்ஹாமர் 40,000-ஐயும் வெளியிட்டது. 2024 ஜூன் தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டில் அதன் மொத்த வருவாய் 50 கோடி பவுண்டைத் தாண்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்கள் அடங்கிய எஃப்டிஎஸ்இ 100 பட்டியலிலும் சேர்ந்தது. சின்னப் பிள்ளை விவகாரம் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவைக் கடந்து வெகுகாலமாகிவிட்டது.

பெட்டியைத் திறந்தால் வீரர்கள் இருக்கமாட்டார்கள். கைகள், கால்கள், தலைகள், துப்பாக்கிகள் என்று பிரித்துப் பிரித்து வார்த்த சட்டங்கள்தாம் இருக்கும். கட்டரால் நறுக்கி எடுத்து, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய வரம்பைக் கத்தியால் சுரண்ட வேண்டும். அதைச் சுரண்டாமல் விட்டால் வண்ணம் பூசிய பிறகு நெற்றியிலிருந்து மோவாய் வரை தழும்புபோல் எழுந்து நிற்கும். பிளாஸ்டிக்குக்கான பசை வெறுமனே ஒட்டுவதில்லை. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. உலோகத்துக்கும் ரெசினுக்கும் அது பலிக்காது, சூப்பர் குளூதான். இந்தக் கட்டத்திலேயே போர் தொடங்கிவிடுகிறது என்பேன். ஏனென்றால், எந்த வீரன் கையில் எந்த ஆயுதத்தை ஒட்டுகிறீர்களோ அந்த ஆயுதம்தான் களத்திலும் அவனுக்கு என்பது இந்த விளையாட்டுகளில் பரவலான மரபு. நெருப்பைக் கக்கும் துப்பாக்கியா, கவச வண்டியை உருக்கும் துப்பாக்கியா என்று பசை உலர்வதற்குள் முடிவெடுக்க வேண்டும். பல மாதம் கழித்து ஏதோ ஓர் ஊரில் யாரென்றே தெரியாத எதிராளி முன்னால் நிற்கும்போது அந்த முடிவின் பலன் தெரியும். கட்டுவது வேறு, தந்திரம் வேறு என்று கோடு கிழிப்பவர்கள் இந்த இடத்தில் கோட்டை எங்கே போடுவார்கள்?

பிறகு பிரைமர். அது இல்லாமல் வண்ணம் பிளாஸ்டிக்கில் பிடிப்பதில்லை. அதன்மேல் தண்ணீர் கலந்து நீர்த்த அக்ரிலிக் வண்ணம், ஒரே தடித்த பூச்சாக இல்லாமல் இரண்டு மெல்லிய பூச்சுகளாக. அது உலர்ந்ததும் நீர்த்த கருஞ்சாயம். துணி மடிப்பிலும் கவச இடுக்கிலும் போய்த் தங்கி, தானே நிழலாகிவிடும். கடைசியில் விளிம்புகளில் வெளிர் நிறம். நாலைந்து மில்லிமீட்டர் தலையில் இயற்கை வெளிச்சம் தானாக நிழல் தராது. அதனால் வெளிச்சத்தையும் நிழலையும் தூரிகையால் எழுதியாக வேண்டும். ஒரே மாதிரி பத்துப் பேரைப் பூசி முடிக்கும்போது ஒவ்வொருவனும் தனித்தனியே தெரியத் தொடங்குகிறான். யார் எந்த ஆயுதத்தோடு எங்கே நிற்கிறான், யாருடைய தோள்பட்டையில் என்ன குறி என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். தளபதிக்குத் தன் படையைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே அந்த அறிமுகம் விரல் வழியாக ஏற்படுகிறது.

எதிராளியின் பக்கம் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். இரண்டு மூன்று மணி நேரம் ஒருவர் தன் நேரத்தை உங்களுக்குத் தருகிறார். மேசையின் மறுபுறத்திலிருந்து பார்க்கும் அவர், உங்கள் படையில் எது எந்தப் பிரிவு, தலைவன் யார், ஆபத்தான ஆயுதம் யாரிடம் என்று ஒரே பார்வையில் படித்துவிட வேண்டும். சாம்பல் நிறக் கும்பலில் அது இயலாது. இது யார், அது யார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்க மறந்தால் தோற்க வேண்டும். வண்ணம் இங்கே ஒரு தகவல். அதற்கும் மேலாக, அந்த மேசையின் காட்சி இருவருக்கும் பொதுவான சொத்து. இருவரும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகிறார்கள். வேஷம் கட்டாமலே கூத்தாடிவிடலாம். பாட்டும் மாறாது, கதையும் மாறாது. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்க வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஒன்று அங்கே குறைகிறது. ஒருவர் பூசிய படையோடும் மற்றவர் வெறும் பிளாஸ்டிக்கோடும் வந்து நின்றால், பொதுச் சொத்துக்கு ஒருவர் மட்டுமே பங்கு கொடுத்திருக்கிறார். 10 மதிப்பெண் அந்தப் பங்கைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

வரலாற்றைக் கொண்டு இதை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் வாதம் வலுவானது. நம் நாட்டில் பிறந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்ற சதுரங்கத்தைத்தான், 1780-இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் 1,617 கட்டங்கள் கொண்ட பலகையாக விரித்து, ஆறும் மலையும் சேர்த்துப் போர் ஆட்டமாக்கினார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812-இல் கட்டங்களையே நீக்கி, நிலத்தோற்றத்தைத் துண்டு துண்டாக அடுக்கக்கூடிய மேசை ஒன்றை மன்னருக்குச் செய்து கொடுத்தார். அவருடைய மகன் 1824-இல் அதை 1:8,000 அளவுள்ள வரைபடத்துக்கு மாற்றி, பகடையும் நடுவரும் சேர்த்து முழுமையாக்கியபோது, ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவராக இருந்த முஃப்லிங் அதை ராணுவம் முழுவதுக்கும் பரிந்துரைத்தார். அந்தப் படைகள் சிறு உலோகக் கட்டைகள்தாம், முகமுமில்லை, உடுப்புமில்லை. 1942-இல் லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய பயிற்சிக்கூடமும் அப்படித்தான். தரையில் கோடு போட்டு, சிறு மாதிரிக் கப்பல்களை நகர்த்தி, திரையின் துளை வழியாக மட்டும் அதிகாரிகளைப் பார்க்கவைத்து, ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் முறையைக் கற்பித்தார்கள். கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள்தாம் அந்த ஆட்டத்தை நடத்தினார்கள். புது உத்திகளை வகுத்ததிலும் அவர்களுக்குப் பங்குண்டு. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 அதிகாரிகள் அங்கே பயின்று கடலுக்குத் திரும்பினார்கள். இவ்வளவு பெரிய காரியம் அலங்காரமே இல்லாமல் நடந்திருக்கும்போது பொம்மைக்கு வண்ணம் எதற்கு என்பது கேள்வி.

பதில் அந்த உதாரணங்களுக்குள்ளேயே இருக்கிறது. பிரஷ்யாவிலும் லிவர்பூலிலும் ஆடியவர்களுக்கு ஆட்டம் முடிந்ததும் உண்மையான களம் காத்திருந்தது. கட்டைக்கு முகம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்த முகங்களை அவர்கள் மறுநாள் படைமுகாமிலோ கப்பல் தளத்திலோ பார்க்கப்போகிறவர்கள். பொழுதுபோக்காக ஆடுகிறவருக்கு மேசைக்கு அப்பால் எந்தக் களமும் இல்லை. இழப்புக்கும் வெற்றிக்கும் எடை தருவது அந்த உருவத்தில் அவர் போட்ட உழைப்பு மட்டும்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரஷ்யக் கட்டைகள்கூட நிறமற்றவை இல்லை. ஒரு தரப்பு சிவப்பு, மறு தரப்பு நீலம். காலாட்படையா குதிரைப்படையா என்ற குறியும் மேலே இருந்தது. பார்த்தவுடன் படிக்க வேண்டும் என்பதை அந்த ராணுவ அதிகாரிகளும் உணர்ந்தே இருந்தார்கள்.

எச். ஜி. வெல்ஸையும் எனக்கு எதிராக நிறுத்தலாம். 1913-இல் வெளிவந்த அவருடைய 'லிட்டில் வார்ஸ்' நூல்தான் இந்தப் பொழுதுபோக்கின் மூலநூல் என்று கொண்டாடப்படுகிறது. அவர் ஆடிய வீரர்கள் பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் உள்ளீடற்ற ஈய பொம்மைகள். ஆலையிலேயே பூசப்பட்டு வந்தவை. சுருள்வில் பீரங்கியால் சுட்டு வீழ்த்த அவை போதும். எனவே கையால் பூசுவது ஆதிகால மரபு என்று நான் உரிமை கோரவில்லை. அது பின்னால் வந்தது, தேவையால் வந்தது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-இல் 'வார் கேம்ஸ்' நூலை எழுதிய காலத்தில், விரும்பிய படை கடையில் கிடைக்காது. ஈயத்தை வீட்டிலேயே உருக்கி வார்த்தார்கள். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மலிவான பிளாஸ்டிக் வீரர்களை வாங்கித் தலையை வெட்டி மாற்றினார்கள், தொப்பியை மாற்றினார்கள். அந்தப் பிளாஸ்டிக் மிருதுவானது, பூசிய வண்ணம் உரிந்துகொண்டே போகும். விடாமல் மறுபடி பூசினார்கள். அந்தத் தலைமுறைதான் பொம்மை வாங்குபவரைப் படை செய்பவராக மாற்றியது. அந்த மாற்றம் ஒரு வளர்ச்சி என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதோடு சேர்ந்து ஆராய்ச்சியும் உள்ளே நுழைந்தது.

ஒரு வீரனைப் பூசுவதற்கு அவன் என்ன உடுத்தினான் என்று தெரிந்திருக்க வேண்டும். 1830-இல் வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியைச் செய்யும் பொறுப்பு பிரிட்டிஷ் ராணுவத்தின் வில்லியம் சைபோர்னுக்குக் கிடைத்தது. 70,000-க்கும் மேற்பட்ட சிறு உருவங்களை அன்று மாலை ஏழு மணி நிலவரப்படி நிறுத்த வேண்டும். எந்தப் பட்டாளம் எங்கே நின்றது, எதிரே வயலில் என்ன பயிர் இருந்தது என்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். வந்த பதில்கள் ஒரு பெரிய ஆவணத் தொகுதியாகவே ஆகிவிட்டன. பிரஷ்யப் படையை அவர் நிறுத்திய விதம், அந்தப் போரில் பிரிட்டிஷ் தளபதியாக இருந்த வெலிங்டனின் தரப்புக்கு ஒவ்வாமல் போக, கடைசியில் அந்த உருவங்களில் பெரும்பகுதியை எடுத்துவிட நேர்ந்தது. பொம்மையை எங்கே வைப்பது என்ற கேள்வி, வெற்றியின் புகழ் யாருக்கு என்ற கேள்வியாக மாறிவிட்டது. 1838-இல் மக்கள் பார்வைக்கு வந்த அந்த மாதிரி இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவில் மிகச் சிறியதாயினும் இதே வேலையைத்தான் வரலாற்றுப் படை பூசுகிற ஒவ்வொருவரும் செய்கிறார். ஸ்பெயினில் நெப்போலியனின் படையோடு போரிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிழிந்த கால்சட்டைக்குப் பதிலாக உள்ளூர்ப் பழுப்புத் துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. எந்த நிறப் புட்டியைத் திறப்பது என்று தேடுகிறவர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

நமக்கு நெருக்கமான உதாரணம் 1803 செப்டம்பர் 23-இல் நடந்த அசாயே போர். ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தியரை வென்றது பிரிட்டிஷ் வீரத்தின் கதையாகவே பெரும்பாலும் எழுதப்பட்டது. வெல்லெஸ்லியின் படையை மேசையில் நிறுத்த முயல்பவர் பட்டியலை எடுத்தவுடன் திகைப்பார். ஐரோப்பியக் காலாட்படைப் பிரிவுகள் இரண்டே இரண்டு, 74-உம் 78-உம். மற்றக் காலாட்படைப் பிரிவுகள் எல்லாம் மதராஸ் ராணுவத்தின் சிப்பாய்ப் பட்டாளங்கள். தமிழ், தெலுங்கு நாடுகளிலிருந்து திரட்டப்பட்டவர்கள். சிவப்புச் சட்டையும் குட்டையான வெள்ளைக் கால்சட்டையும் அணிந்தவர்கள். இந்தப் படையைப் பூசி முடிக்கும்போது எத்தனை முகத்துக்கு எந்த நிறம் தேவைப்பட்டது என்பதை அவர் கை அறிந்திருக்கும். வெறும் பிளாஸ்டிக்காக நிறுத்தினால் எல்லோரும் ஒரே சாம்பல் நிறம். அந்த வரலாறும் அதோடு போய்விடும்.

போரை அழகுபடுத்துகிறீர்கள் என்ற குற்றச்சாட்டை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். போரைத் தங்கள் வீட்டு வாசலிலேயே கண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் முன் இதை வெறும் விளையாட்டு என்று சொல்வது போதாது. பொம்மைப் போரை ஆடிப் பார்த்தால் உண்மைப் போர் எவ்வளவு மடமை என்று புரியும் என்ற பொருளில்தான் வெல்ஸ் தம் நூலை முடித்தார். அடுத்த ஆண்டே உலகப் போர் வந்தது. ஆகவே இந்த விளையாட்டு சமாதானத்தை வளர்க்கும் என்று வாக்குறுதி தர மாட்டேன். என் கூற்று அதைவிடச் சிறியது: பூசுகிறவர், தான் எதைக் கொண்டாடுகிறோம் என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் படையை எடுப்பவர் எந்தச் சின்னத்தை எழுதுவது, எதை எழுத மறுப்பது என்று தூரிகையைப் பிடித்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வார்ஹாமரின் கற்பனைப் பேரரசு வெறியின்மேல் கட்டப்பட்டது. அதை உண்மையாகவே போற்றுகிறவர்கள் கிளம்பியதால்தான் 2021-இல் கேம்ஸ் ஒர்க்ஷாப், அந்தப் பேரரசு ஒரு நையாண்டி, வெறுப்புச் சின்னங்களுக்கு இங்கே இடமில்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. மேலும், இந்த ஆட்டத்தில் வீழ்ந்த வீரனைப் பொதுவாக அவனுக்கு உரியவர்தான் தன் கையால் மேசையிலிருந்து எடுக்கிறார். ஒரு வாரம் உட்கார்ந்து பூசிய உருவத்தை எடுத்து ஓரமாக வைப்பதும், திரையில் நொடிக்கு நூறு பேர் மறைவதும் ஒன்றாகா.

நேரமும் பணமும் இல்லாதவர்களைத் தண்டிக்கிறது என்ற எதிர்ப்புத்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. முழு அளவுப் படைக்குப் பல நூறு பவுண்டு ஆகும். பூசப் பல வாரங்கள் ஆகும். இரண்டு வேலை பார்க்கும் இளைஞருக்கு இது அநியாயமில்லையா? அநியாயம் இருப்பது உண்மை. ஆனால் அது படையின் அளவில் இருக்கிறது, வண்ணத்தில் இல்லை. 2,000 புள்ளி மதிப்புள்ள அந்த முழு அளவுப் படைதான் ஆட்டம் என்று நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? 2015-இல் ஆஸ்பிரே வெளியிட்ட ஃப்ராஸ்ட்கிரேவ் பத்துப் பேரோடு ஆடும் ஆட்டம். எந்த நிறுவனத்தின் உருவமானாலும் ஏற்றுக்கொள்ளும். கேம்ஸ் ஒர்க்ஷாப்பின் கில் டீமும் சிறு குழு ஆட்டம்தான். பத்து உருவங்களைச் சில மாலைகளில் பூசிவிடலாம். பூசும் கடமை உண்மையில் பணப்பைக்குக் காவல். பூசி முடித்த பிறகே அடுத்த பெட்டி என்று வைத்துக்கொண்டவர் மெதுவாகத்தான் வாங்குவார். திறக்காத பெட்டிகள் அலமாரி நிறைய அடுக்கிக் கிடப்பது இந்த உலகின் தீராத நோய். அதற்கு மருந்து தூரிகையே. நிறுவனம் வண்ணமும் விற்கிறதே, இது வியாபாரத் தந்திரம்தானே என்பார்கள். விற்கிறது, ஆனால் யாருடைய வண்ணம் என்று விதி கேட்பதில்லை. ஸ்பெயினின் வயேகோவோ டென்மார்க்கின் ஆர்மி பெயின்டரோ, எதுவானாலும் 10 மதிப்பெண் உண்டு.

நன்றாக வரையத் தெரியாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி விதியைச் சரியாகப் படிக்காததால் எழுகிறது. அழகை அளக்கத் தனிப் போட்டிகள் இருக்கின்றன. 1987 முதல் நடக்கும் கோல்டன் டீமன் அப்படிப்பட்டது. இந்த 10 மதிப்பெண் அழகைப் பார்ப்பதில்லை. முக்கியப் பகுதிகள் நிறம் பெற்றிருக்கின்றனவா, பீடம் முடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 2019-இல் வந்த கான்ட்ராஸ்ட் வண்ணங்கள் இதை இன்னும் எளிதாக்கிவிட்டன. வெளிர் பிரைமர்மேல் ஒரே பூச்சில் மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் அடர்ந்தும் படிந்து, நிறத்தையும் நிழலையும் சேர்த்தே தந்துவிடும். ஆலையிலேயே பூசி விற்கும் ஆட்டங்களும் உண்டு. 2012-இல் வந்த எக்ஸ்-விங் விண்கலங்கள் அப்படித்தான் வந்து நன்றாகவே ஓடின. அங்கே வாங்குபவர் ஆட்டத்தை மட்டும் வாங்குகிறார், விற்பவரும் அதையே சொல்லி விற்கிறார். அதில் தவறேதும் இல்லை, அது வேறு வகை ஆட்டம்.

கை நடுங்குபவர், கண் மங்கியவர், மூட்டுவலிக்காரர் ஆகியோரைப் பற்றிய கவலைதான் மிச்சம். பூசியது யார் என்று எழுதப்பட்ட விதி கேட்பதில்லை. நண்பர் பூசியிருக்கலாம், கூலி கொடுத்தும் பூசியிருக்கலாம். கூலிக்குப் பூசிய படை என் வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செய்தவரே ஆட வேண்டும் என்ற கருத்து அங்கே தளர்கிறது. ஆனாலும் உடல் ஒத்துழைக்காத ஒருவரை விசாரித்துச் சான்றிதழ் கேட்கும் போட்டியைவிட இந்தத் தளர்வே மேல். போட்டி நடத்துபவர்கள் செய்ய வேண்டியது வேறு. மதிப்பெண்ணை நீக்கும்படி எழும் கோரிக்கைக்கு இணங்காமல், ஒவ்வொரு போட்டியிலும் பத்துப் பன்னிரண்டு உருவங்களோடு ஆடும் ஒரு சிறு பிரிவைச் சேர்க்கட்டும். முதல் ஆண்டு ஆட்டக்காரர்கள் அதில் நுழையட்டும். போட்டிக்கு முந்தின நாள் அரங்கில் இரண்டு மேசைகளை ஒதுக்கி, சில புட்டி வண்ணமும் பிரஷ்களும் வைத்து, தெரிந்தவர் இருவரை உட்கார்த்திவைக்கட்டும். பூசாமல் வந்தவர் மறுநாள் காலைக்குள் பத்து உருவங்களையாவது முடித்து, அந்தச் சிறு பிரிவில் முழு 100 மதிப்பெண்ணுக்கும் ஆடலாம்.